டெக்னிக்கல் கவரில் தள்ளுபடி: காரணம் எப்போது தெரிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலைத் துறை, பொதுப்பணித் துறை, ஊரக வளர்ச்சித் துறை, நகராட்சி, மாநகராட்சி என ஏதாவது ஒன்றின் ஒப்பந்தப்புள்ளி விளம்பரம் ‘செ.ம.தொ.இ.’ (செய்தி மக்கள் தொடர்பு இயக்ககம்) எண்ணோடு நாளிதழ்களில் வராத நாள் குறைவு. பணியின் பெயர், மதிப்பீடு, ஈ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை, கடைசி நாள், நேரம் எல்லாம் அதில் இருக்கும். விலைப்புள்ளியை இரண்டு கவராகப் போடுவார்கள்: தகுதி ஆவணங்கள் டெக்னிக்கல் கவரில், கேட்கும் விலை விலைக் கவரில்; முதலாவதில் தேறியவரின் விலைக் கவர் மட்டுமே திறக்கப்படும். ஆறு பேர் கேட்ட வேலையில் நான்கு பேரின் விலைக் கவர் திறக்கப்படாமலே போனால், அது ஏன் என்பது மட்டும் எங்கும் வராது. அந்தக் காரணத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எப்போது வெளியிட வேண்டும் என்றுதான் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

1998-இல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. அரசுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். கர்நாடகம் 1999-இலும் ராஜஸ்தான் 2012-இலும் சட்டம் கொண்டுவந்தன. மத்திய அரசு இன்றுவரை பொது நிதி விதிகளையும் கொள்முதல் கையேடுகளையும் வைத்தே காரியம் பார்க்கிறது. நம் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிய அளவுகோலை வைத்து மட்டுமே மதிப்பிட வேண்டும், அப்படி மதிப்பிட்டதில் குறைந்த விலைப்புள்ளியை ஏற்க வேண்டும் என்கிறது. விலை கூடுதலாகத் தெரிந்தால் எல்-1 (குறைந்த விலை கேட்டவர்) ஒருவரிடம் மட்டும் குறைக்கச் சொல்லிப் பேசலாம். ஏற்கப்பட்டவரின் பெயர், முகவரியுடன் மற்றவர்களை நிராகரித்த காரணங்களையும் ஒப்பந்தப்புள்ளி இதழை (ஒப்பந்தப்புள்ளி அறிவிப்புகளும் முடிவுகளும் வரும் அரசு வெளியீடு) நடத்தும் அலுவலருக்கு அனுப்ப வேண்டும். நல்ல சட்டம். ஓட்டை இருப்பது நடைமுறையின் வரிசையில்.

முதலில் கால அவகாசம். விதி 20-இன்படி, 2 கோடி ரூபாய் வரையுள்ள பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் தர வேண்டும். ஒப்பந்தப்புள்ளி இதழில் வந்த தேதி, நாளிதழில் வந்த தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். நாளிதழில் 3-ஆம் தேதி, இதழில் 8-ஆம் தேதி என்றால் கணக்கு 8-இலிருந்துதான். இணையதளத்தில் ஏற்றிய தேதியிலிருந்து எண்ணிவிட்டு 15 நாள் கொடுத்தாயிற்று என்பது விதிப்படி செல்லாது. அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலருக்கு மேலுள்ள அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். அந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே கிடக்கிறது. விளம்பரத்தோடு அதையும் இணையதளத்தில் ஏற்றினால் பாதிக் கேள்விகள் எழாது. கர்நாடகம் 2000-இல் தன் விதிகளை எழுதியபோது இதே 2 கோடி வரம்புக்கு 30 நாள், 60 நாள் என்று வைத்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒரு சாலைப் பணிக்கு 15 நாளில் என்னென்ன ஆக வேண்டும் என்று பாருங்கள். பணியிடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஜல்லி, எம்-சாண்ட் எந்தக் குவாரியிலிருந்து வரும், லோடு என்ன விலை என்று விசாரிக்க வேண்டும். வங்கியில் சால்வன்சி (கடன் தீர்க்கும் நிதித் திறன்) சான்று, ஆடிட்டரிடம் விற்றுமுதல் சான்று, முந்தைய வேலைகளின் நிறைவுச் சான்று எல்லாம் வாங்க வேண்டும். இவற்றில் எது பிந்தினாலும் விலைப்புள்ளி குறைபாட்டோடுதான் உள்ளே போகும். கடைசி இரண்டு நாளில் திருத்த அறிவிப்பு ஒன்று வந்து விலைப் பட்டியலும் மாறிவிட்டால், முன்பே ஏற்றியவர்கள் புதிய கோப்பை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். கவனிக்காதவர் வெளியே.

அடுத்தது தகுதி நிபந்தனை. போட்டி உண்மையில் முடிவாவது இங்கேதான். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் கொடுத்த வழிகாட்டுதல் இன்றும் நல்ல அளவுகோல்: கடந்த 3 ஆண்டுகளின் சராசரி விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம், கடந்த 7 ஆண்டுகளில் இதேபோன்ற வேலை, 40 சதவீத மதிப்பில் மூன்று அல்லது 50 சதவீதத்தில் இரண்டு அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. 5 கோடி வேலைக்கு, 1.5 கோடி சராசரி விற்றுமுதலும் 2 கோடியில் செய்து முடித்த மூன்று வேலைகளும் உள்ளவர் தகுதியானவர். ‘இதேபோன்ற வேலை’ என்பதை வரையறுக்காமல் விட்டாலோ, அளவுக்கு மீறி நெருக்கி எழுதினாலோ எல்லாம் கெடும். பள்ளிக்கூடக் கட்டடம் கட்டத் ‘தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி கட்டியவர்’ என்று கேட்பதில் பொறியியல் காரணம் எதுவும் கிடையாது. மருத்துவமனையின் இரண்டு மாடி ஆர்.சி.சி. கட்டடத்தைக் கட்டியவருக்குப் பள்ளிக் கட்டடம் கட்டத் தெரியாதா என்ன?

ஏலத் திறன், அதாவது ஒருவர் எவ்வளவு மதிப்புள்ள வேலை வரை கேட்கலாம் என்ற கணக்கும் அப்படியே. வாய்பாடு எளிது: அண்மை ஐந்தாண்டுகளில் ஓர் ஆண்டில் செய்த அதிகபட்ச வேலை மதிப்பை, பணிக்கான ஆண்டுகளாலும் ஒரு பெருக்கெண்ணாலும் பெருக்கி, கையிலிருக்கும் வேலைகளில் அந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டிய பாக்கியைக் கழிக்க வேண்டும். அதிகபட்சம் 6 கோடி, காலம் ஒன்றரை ஆண்டு, பெருக்கெண் 2, பாக்கி 9 கோடி என்றால், 18-இல் 9 போக 9 கோடி வரை அவர் கேட்கலாம். பெருக்கெண் 1.5 என்று வைத்தால் அதே ஆளின் திறன் 4.5 கோடியாகச் சுருங்கிவிடும். இந்த எண் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதற்குக் காரணம் எழுதி யாரும் பார்ப்பதில்லை. கணக்கில் ஏமாற்று நடக்கும் இடம் கழிக்கும் பாக்கி. மற்ற துறைகளிலும் பக்கத்து மாவட்டங்களிலும் எடுத்த வேலைகளைக் காட்டாமல் விடுவார்கள். எல்லாத் துறை ஒப்பந்தங்களும் ஒரே இணையதளத்தின் வழியாக நடக்கும்போது, பான் எண்ணை வைத்து இதைத் தானாகச் சரிபார்க்கும் வசதியை ஏற்படுத்துவது பெரிய வேலையில்லை.

தார்ச் சாலைப் பணிகளில் ஹாட் மிக்ஸ் பிளாண்ட் (ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஆலை) நிபந்தனை தனிக் கதை. இத்தனை கிலோமீட்டருக்குள் பிளாண்ட் இருக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. வி.ஜி.-30 தரத் தாரில் செய்த கலவை பிளாண்டில் 150 முதல் 165 டிகிரியில் வெளிவரும். பேவர் இயந்திரத்தால் விரிக்கும்போது 140-க்குக் குறையக்கூடாது. உருட்டி முடிக்கும்போது 90-க்குக் குறையக்கூடாது. தூரம் கூடினால் லாரியிலேயே ஆறிவிடும். உருளை எத்தனை முறை ஓடினாலும் அடர்த்தி வராது, அடுத்த மழையில் ஜல்லி பெயரும். ஆனால் பிளாண்ட் சொந்தமாகவே இருக்க வேண்டும் என்பதும், அந்தப் பகுதிச் செயற்பொறியாளர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பதும், அந்தச் சான்றை விலைப்புள்ளியோடு சேர்த்தே ஏற்ற வேண்டும் என்பதும் கலவையின் சூட்டைக் காப்பாற்றாது. சான்று கேட்டு வந்தவர்களின் பட்டியல் அலுவலகத்துக்குக் கடைசி நாளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அப்புறம் மின்னணுப் பூட்டு போட்டு என்ன பயன்? பணி ஆணை கிடைத்து 15 நாளுக்குள் பிளாண்டைக் காட்ட வேண்டும், குத்தகை ஒப்பந்தமும் செல்லும் என்று எழுதினால் தரத்துக்கும் குறைவில்லை, ரகசியமும் கசியாது. பணியிடத்தைப் பார்த்ததற்குச் சான்று கேட்கும் நிபந்தனையையும் இதே காரணத்துக்காக எடுத்துவிடலாம். பார்த்தேன் என்று ஒப்பந்ததாரரின் உறுதிமொழி போதும்.

இணையவழி முறை வந்ததால் பெட்டியில் போடவிடாமல் வாசலில் மறிப்பது போன்ற பழைய தொல்லைகள் போயின. கவர்களைத் திறக்க நியமிக்கப்பட்ட அலுவலர்களில் குறைந்தது இருவர் தங்கள் டிஜிட்டல் கையொப்பத்தைப் போட்டால்தான் கோப்பு திறக்கும். அதற்கு முன் யாரும் பார்க்க முடியாது. ஆனால் புதிய தவறுகள் வந்து சேர்ந்தன. விலைப் பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றக்கூடாது. மேக்ரோவை அனுமதிக்காமலோ வேறு மென்பொருளில் திறந்தோ சேமித்தால் கோப்பு கெட்டுவிடும். மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று கேட்கும் சதவீத முறை ஒப்பந்தத்தில் ‘குறைவு’ என்பதற்குப் பதிலாக ‘கூடுதல்’ தேர்ந்துவிட்டால் 8 சதவீதக் குறைவு 8 சதவீத உயர்வாகிவிடும், திறந்த பின் திருத்த வழியில்லை. எல்லாம் ஏற்றியும் கடைசியில் ‘ஃப்ரீஸ்’ பொத்தானை அழுத்தி ஒப்புகை எடுக்காவிட்டால் விலைப்புள்ளி போடாத கணக்கு. கடைசி நேரம் சர்வர் கடிகாரப்படிதான். நேரம் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி ஏற்றலாம். ஒருமுறை திரும்பப் பெற்றுக்கொண்டால் அந்த ஒப்பந்தத்தில் மறுபடி நுழைய முடியாது. ஈ.எம்.டி.யை (விதிப்படி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மிகக்கூடாது) வங்கிச் செலான் வழியாகக் கட்டுபவர்கள் பணம் போய்ச் சேர ஓரிரு வேலை நாள் முன்னதாகவே கட்டிவிடுவது நல்லது.

இனி விஷயத்தின் மையம். டெக்னிக்கல் கவரைத் திறந்த பின் மதிப்பீடு பல நாள், சில சமயம் பல வாரம் நடக்கிறது. பிறகு ஒரு நாள் திடீரென்று, தகுதி பெற்றவர்களின் விலைக் கவர் திறக்கப்படுகிறது. வெளியேற்றப்பட்டவருக்கு ஒரு வரி மின்னஞ்சல்: ‘ஆவணங்கள் விதிமுறைப்படி இல்லை’. எந்த ஆவணம், எந்த நிபந்தனை, எந்தப் பக்கம் என்று இருக்காது. மதிப்பீட்டுச் சுருக்கத்தை ஏற்ற இணையதளத்தில் இடம் இருக்கிறது. அதில் ஒற்றை வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சட்டம் கேட்கும் நிராகரிப்புக் காரணங்கள் வேலையை ஒருவருக்குக் கொடுத்து முடித்த பிறகே இதழுக்குப் போகின்றன.

11-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி ஏற்கும் அலுவலரின் உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் முறையிடலாம். ஆனால் உத்தரவு எது? ஒரு வரி மின்னஞ்சலா, எல்-1-க்குப் போன ஏற்புக் கடிதமா? ஏற்புக் கடிதத்தின் நகல் மற்றவர்களுக்கு வருவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு 30 நாள். அதற்குள் உடன்படிக்கை கையெழுத்தாகி, பணியிடம் ஒப்படைக்கப்பட்டு, அஸ்திவாரக் குழியும் தோண்டியாகிவிடும். உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் பலன் குறைவு. உட்கட்டமைப்புத் திட்டம் தாமதமாகும் வகையில் தடை உத்தரவு தரக்கூடாது என்று தனிக்குறை தீர்வுச் சட்டத்தில் (Specific Relief Act) 2018-இல் சேர்த்தார்கள். ஒப்பந்தப்புள்ளி வழக்குகளில் வேலையை நிறுத்தாமல் பாதிக்கப்பட்டவரை இழப்பீடு கேட்கச் சொல்வதே சரி என்ற போக்கில் உச்ச நீதிமன்றமும் என்.ஜி. ப்ராஜெக்ட்ஸ் வழக்கில் 2022-இல் கூறியது. வேலை நிற்கக்கூடாது என்பது சரிதான். அப்படியானால் வேலை தொடங்குவதற்கு முன்பே குறையைக் கேட்டுத் தீர்க்க ஒரு வாசல் வேண்டும். அது இப்போது பெயரளவில்தான் இருக்கிறது.

விதிகளில் இரண்டு சேர்க்கை போதும். டெக்னிக்கல் கவர் முடிவை, நிராகரிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நிபந்தனை எண்ணோடு காரணம் காட்டி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றிய தேதியிலிருந்து 5 வேலை நாள் கழித்தே விலைக் கவரைத் திறக்க வேண்டும். அந்த 5 நாளில் வரும் ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இது ஒன்று. எல்-1 முடிவான பிறகு எல்லோருக்கும் ஏற்பு உத்தரவின் நகலை அனுப்பி, 11-ஆவது பிரிவின் 10 நாள் முடியும்வரை உடன்படிக்கையில் கையெழுத்திடக்கூடாது. இது மற்றொன்று. வெள்ளம், புயல் போன்ற அவசரப் பணிகளுக்கு 16-ஆவது பிரிவின் விலக்கு ஏற்கெனவே இருப்பதால் அவை பாதிக்கப்படாது. விதித் திருத்தத்துக்கு அரசிதழ் அறிவிக்கை போதும். புதிய மசோதா கொண்டுவரத் தேவையில்லை.

பத்து நாள் காத்திருப்பு புதுமையும் அல்ல. உலக வங்கி 2016 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய கொள்முதல் ஒழுங்குமுறையில், முடிவை எல்லோருக்கும் அறிவித்து 10 வேலை நாள் காத்திருந்த பிறகே ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும் என்று இருக்கிறது. தோற்றவர் கேட்டால் அவர் விலைப்புள்ளி ஏன் ஏற்கப்படவில்லை என்று விளக்கவும் வேண்டும். வங்கிக் கடனில் நடக்கும் வேலைக்கு இந்த முறை சாத்தியம் என்றால், மாநிலத்தின் சொந்த நிதியில் நடக்கும் வேலைக்கு மட்டும் எப்படிச் சாத்தியமில்லாமல் போகும்?

விலைக் கவருக்கு முன்பே காரணத்தைச் சொன்னால் யார் யார் மிஞ்சினார்கள் என்று தெரிந்து சிண்டிகேட் போடுவார்கள் (தங்களுக்குள் பேசி விலையை முடிவு செய்வார்கள்) என்று ஆட்சேபம் சொல்லலாம். டெக்னிக்கல் கவரைத் திறந்த நிமிடத்திலேயே போட்டியாளர் பெயர்கள் இணையதளத்தில் தெரிகின்றன. விலையோ அதற்கு முன்பே பூட்டப்பட்டுவிட்டது. பேசி மாற்ற அதில் எதுவும் இல்லை.

சில்லறைக் குறைகளுக்காகத் தள்ளுபடி செய்வதையும் கட்டுப்படுத்த வேண்டும். மத்திய அரசின் கொள்முதல் கையேடுகளில் ஒரு நல்ல வழி உண்டு: திறக்கும் நாளுக்கு முன்பே இருந்த ஆவணமாக இருந்தால், விடுபட்டதைக் கேட்டு வாங்கலாம்; புதிதாக உண்டாக்கியதை ஏற்கக்கூடாது. ஆடிட்டர் சான்றில் 18 இலக்க யு.டி.ஐ.என். (சான்றின் தனி அடையாள எண்) அச்சாகவில்லை என்றால் அந்த எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். நிறைவுச் சான்றில் தொகை தெளிவாக இல்லையென்றால் சான்று கொடுத்த கோட்டத்துக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். ஈ.எம்.டி. கட்டாததும், விலையை டெக்னிக்கல் கவரில் போட்டதும் வேறு ரகம். அவற்றில் தள்ளுபடிதான் சரி.

எல்லோரையும் உள்ளே விட்டால் அடிமாட்டு விலைக்கு எடுத்து வேலையைக் கெடுப்பார்கள் என்பது இன்னொரு வாதம், அதில் உண்மையும் இருக்கிறது. அதற்கான கருவி தகுதி நிபந்தனையில் இல்லை. கூடுதல் பாதுகாப்புத் தொகையில் இருக்கிறது. நம் துறைகள் பலவற்றின் ஆவணங்களில், மதிப்பீட்டைவிட 5 முதல் 15 சதவீதம் குறைந்தால் கூடுதலாக 2 சதவீதம், 15-க்கு மேல் குறைந்தால் வித்தியாசத்தில் பாதி என்று இருக்கிறது. 1 கோடி வேலையை 78 லட்சத்துக்கு எடுத்தால் வித்தியாசம் 22 லட்சம். 11 லட்சம் கட்ட வேண்டும். வழக்கமான 2 சதவீதப் பாதுகாப்புத் தொகை 1.56 லட்சம், பில்லில் பிடித்து வைக்கும் 5 சதவீதம் 3.9 லட்சம் சேர்த்தால் ஏறத்தாழ 16.5 லட்சம் முடங்கும். வருமான வரி, ஜி.எஸ்.டி. பிடித்தம், தொழிலாளர் நல வரி இதற்கு மேல். இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் 22 சதவீதம் குறைத்துக் கேட்க மாட்டார். கேட்பவர் எதை நம்பிக் கேட்கிறார் என்றால், பாதுகாப்புத் தொகைக்குக் கொடுத்த வங்கி உத்தரவாதம் வேலை முடியும் முன்பே காலாவதியாகும், யாரும் புதுப்பிக்கச் சொல்ல மாட்டார்கள் என்பதைத்தான். உத்தரவாதத்தின் காலம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டியதில் வரும் பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிந்து இரண்டு மாதம் வரை இருக்கிறதா என்று பார்ப்பதும், கொடுத்த வங்கியிடமே நேரடியாக எஸ்.எஃப்.எம்.எஸ். (வங்கிகளுக்கிடையிலான மின்னணுச் செய்தி முறை) வழி உறுதி பெறுவதும் கணக்குப் பிரிவின் வேலை. காகிதத்தில் வந்ததை அப்படியே கோப்பில் சேர்த்தால் போலி உத்தரவாதம் வேலை கெட்ட பிறகுதான் தெரியவரும்.

விதி மாறும்வரை ஒப்பந்ததாரர்கள் செய்யக்கூடியது: நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த அன்றே, காரணத்தை நிபந்தனை எண்ணோடு தரும்படி ஒப்பந்தப்புள்ளி ஏற்கும் அலுவலருக்கு மின்னஞ்சலும் பதிவு அஞ்சலும் அனுப்புங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல், அந்த மின்னஞ்சலையே உத்தரவாகக் கொண்டு 10 நாளுக்குள் சம்பந்தப்பட்ட துறைச் செயலருக்கு 11-ஆவது பிரிவு மேல்முறையீட்டைக் கொடுத்து, தீர்வாகும்வரை உடன்படிக்கையை நிறுத்தி வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். இணைக்க வேண்டியவை: விளம்பரம் வந்த நாளிதழ்ப் பக்கம், ஒப்பந்தப்புள்ளி இதழின் நகல், ஆவணத்தின் தகுதிப் பகுதி, நீங்கள் ஏற்றிய கோப்புகளின் பட்டியலோடு கூடிய இணையதள ஒப்புகை, நிராகரிப்பு மின்னஞ்சல். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையிட்ட நகல் இல்லாமல் திரும்பாதீர்கள்.

இப்படிக்கு,
அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பணிபுரியும் பொறியாளர்கள், ஒப்பந்ததாரர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி